செவிலியத்தின் வரலாறு: கொங்கு நாட்டு மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கத்து வீடுகளில் "பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கலாமா?" என்ற பேச்சு எழுவது வழக்கம். சம்பளம், வெளிநாட்டு வேலை, விடுதிக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பவர்கள் அந்தத் தொழில் எப்படி உருவானது என்பதையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகளே இங்கு தரப்படுகின்றன. நோயாளியைப் பேணுவது மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை முன்னோர்கள் மிகத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பணியைச் செய்பவருக்குப் பாடத்திட்டமும் பதிவும் முறையான ஊதியமும் வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டதோ கடந்த 160 ஆண்டுகளில்தான். கீழுள்ள விடைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றியவை.

செவிலியம் எப்போது தொடங்கியது?

தொடக்க ஆண்டு என்று ஒன்றைக் குறிக்க இயலாது. நோய் இருந்த வீட்டிலெல்லாம் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்திருப்பார். அதை ஒரு தனிப்பணியாகப் பிரித்தறிந்து எழுதிய பழைய நூல்களைத்தான் நாம் காட்ட முடியும். அவற்றில் இந்திய மருத்துவ நூலான சரக சம்ஹிதைக்குச் சிறப்பான இடம் உண்டு. மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி ஆகிய நால்வகை உறுப்புகள் சேர்ந்ததே சிகிச்சை என்று கூறும் அந்நூல், பணிவிடையாளருக்கு நான்கு தகுதிகளை வகுக்கிறது: பேணும் முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. பரிவை மட்டும் சொல்லி நிறுத்தாமல் அறிவையும் திறனையும் உடன் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இதே நால்வகைப் பகுப்பைத் தமிழில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் காண்கிறோம். 950ஆம் குறள் நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணிசெய்யும் உழைச்செல்வான் என்ற நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பௌத்தத் துறவியர் ஒழுக்க நூலான விநயபிடகத்திலும் இதற்கு நெருங்கிய செய்தி உண்டு. வயிற்றுப்போக்கினால் கவனிப்பாரற்றுக் கிடந்த துறவி ஒருவரைப் புத்தர் தாமே குளிப்பாட்டிப் படுக்கையில் கிடத்திய பின், தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்யட்டும் என்று மற்றத் துறவிகளிடம் கூறியதாக அது பதிவு செய்கிறது. நோயாளியைப் பேணுபவருக்கு இருக்க வேண்டிய பண்புகளையும் அப்பகுதி வரையறுக்கிறது.

பழந்தமிழகத்தில் மருத்துவமனையில் பெண்கள் பணியாற்றியதற்குச் சான்று உண்டா?

உண்டு. அது கொங்கு நாட்டில் கிடைத்ததன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு அது. வீரராசேந்திர சோழனின் காலத்தைச் சேர்ந்த, அதாவது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, வீரசோழன் என்ற பெயர் கொண்ட ஆதுலர் சாலையையும் (மருத்துவமனையையும்) அதிலிருந்த 15 படுக்கைகளையும் குறிப்பிடுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து ஆக்க உதவும் ஆட்கள் இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர்கள் வரிசையாகச் சொல்லப்படுகிறார்கள். அவரவர்க்கு உரிய நெல்லும் காசும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. பணிவிடைக்கு ஊதியம் உண்டு என்பதைக் கல்லில் வெட்டி வைத்த ஆவணம் என்ற வகையில், செவிலிய மாணவர் ஒவ்வொருவரும் இதைத் தம் பாடநூலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் நம் பாடநூல்கள் பெரும்பாலும் லண்டனில்தான் தொடங்குகின்றன.

கொங்கைப் பொறுத்தவரை, விசயமங்கலம் போன்ற இடங்களில் செழித்திருந்த சமணம் உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றியது என்பதை இங்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலை நாடுகளில் இப்பணி எப்படி வளர்ந்தது?

சமயத்தின் நிழலில் வளர்ந்தது எனலாம். 4ஆம் நூற்றாண்டில் சிசேரியா நகரில் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்குமாகப் பெரிய இல்லம் ஒன்றை நிறுவினார். அதே நூற்றாண்டின் இறுதியில் பபியோலா என்னும் செல்வப் பெண்மணி ரோமில் மருத்துவமனை தொடங்கித் தாமே புண்களைக் கழுவினார். இசுலாமிய நகரங்களின் மருத்துவமனைகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும் அவற்றுக்குரிய பணியாளர்களும் இருந்தார்கள். ஐரோப்பாவில் இடைக்காலம் முழுவதும் துறவியரே இப்பணியைச் செய்துவந்தார்கள். இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரை எட்டாம் என்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது அவற்றைச் சார்ந்த மருத்துவ இல்லங்களும் நொறுங்கின. அங்கு நெடுங்காலம் மருத்துவமனைப் பணிக்கு வேறு வேலை கிடைக்காதவர்களே வந்தார்கள். பிரான்சில் 1633இல் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய பெண் துறவியர் சபை, மடத்துச் சுவருக்குள் அடங்காமல் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணியது. 1836இல் செர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் தியோடர் ஃபிளீட்னர் என்ற போதகர் பெண்களுக்கு ஒழுங்கான பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். பின்னாளில் 1851இல் அங்கே சென்று சில மாதம் பயின்றவர்களில் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

நைட்டிங்கேல் அம்மையார் உண்மையில் என்ன செய்தார்? விளக்கேந்திய படம் மட்டும்தானா?

அந்தப் படம் அவருடைய பணியில் சிறு பகுதியையே காட்டுகிறது. 1854இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரித்தானிய இராணுவ மருத்துவமனைக்கு அவர் சென்றார். அங்கே வெடிகுண்டுக் காயத்தால் இறந்தவர்களைவிடக் காலரா, டைபஸ், வயிற்றுப்போக்கு ஆகிய தொற்றுகளால் இறந்தவர்களே மிகப் பலர். கட்டடத்தின் கீழே சாக்கடை அடைபட்டிருந்தது, நல்ல தண்ணீர் இல்லை, காற்றோட்டமும் இல்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 என்ற அளவில் இருந்த இறப்பு, அவ்வாண்டு சூன் வாக்கில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

இந்த வீழ்ச்சி முழுவதையும் அவருடைய கணக்கில் எழுதுவது சரியன்று. 1855 மார்ச்சில் வந்திறங்கிய சுகாதாரக் குழு சாக்கடைகளைத் திறந்து, தண்ணீரைச் சீர்செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகே இறப்பு செங்குத்தாகச் சரிந்தது. இதை அவரும் போருக்குப் பின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து உணர்ந்தார் என்பதுதான் என் மதிப்பில் அவருடைய பெருமை. மாத வாரியாக இறப்புகளைக் காட்டும் வட்ட வரைபடத்தை 1858இல் வெளியிட்டு, எண்களைப் படிக்கத் தெரியாத அமைச்சர்களுக்கும் விளங்கும்படி செய்தார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. மக்கள் அவர் பெயரில் திரட்டித் தந்த ஏறத்தாழ 45,000 பவுண்டு நிதியைக் கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி திறக்கப்பட்டது. மதச்சார்பற்ற அப்பள்ளியில் பயிற்சி ஓராண்டு நடந்தது. வார்டில் கற்பதோடு விரிவுரை, குறிப்பேடு, ஒழுக்கப் பதிவு எல்லாம் இருந்தன. அதில் தேறியவர்கள் மற்ற மருத்துவமனைகளுக்கு மேட்ரன்களாக, அதாவது தலைமைச் செவிலியர்களாகச் சென்று அங்கும் பள்ளிகளைத் தொடங்கியதால் அந்த முறை உலகெங்கும் பரவியது.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதார நிலை பற்றிய 1863ஆம் ஆண்டு அறிக்கையின் பின்னணியில் அவர் உழைப்பு பெரிது; 1865இல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலிய முறை பற்றியும் ஆலோசனைகள் எழுதினார். அதே கிரிமியப் போரில் சமைக்கா நாட்டைச் சேர்ந்த மேரி சீக்கோல், அரசு வாய்ப்புத் தராத நிலையில், சொந்தச் செலவில் போர்முனைக்கே சென்று வீரர்களைப் பேணினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கொங்கு நாட்டில் மருத்துவமனைகள் வருவதற்கு முன் நோயாளிகளை யார் பார்த்தார்கள்?

வீட்டுப் பெண்களும் ஊர் மருத்துவச்சியும். இந்த விடையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொங்கு ஊர்களில் நாவிதர் குடும்பத்து ஆண்கள் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை உடையவர்கள். அக்குடும்பத்துப் பெண்கள் பேறு பார்க்கும் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். கைப்பழக்கத்தில் மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் சென்ற அறிவு அது. அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் தானியமாகவும் புடவையாகவும் கிடைத்தது. தோட்டத்துச் சாளைகளில் தனித்தனியே சிதறி வாழ்ந்த உழவர் குடும்பங்களுக்கு, நள்ளிரவில் நடந்து வந்து உதவக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெண்தான். பேறு முடிந்தபின் தாய்க்குப் பத்தியம், வெந்நீர்க் குளியல், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தல் ஆகியவற்றை அம்மிச்சியோ அத்தையோ கவனித்தார்கள்.

அம்மை கண்ட வீட்டில் நடந்தவற்றையும் செவிலியமாகவே கருதலாம். வாசலில் வேப்பிலை செருகுவார்கள்; அயலார் உள்ளே வரமாட்டார்கள்; நோயாளியைத் தனி இடத்தில் வேப்பிலை மேல் படுக்க வைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, உடல் தேறியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாரியம்மனுக்கு அஞ்சிச் செய்த இந்த ஒழுங்கில் தனிமைப்படுத்தலும் நீரிழப்பைத் தடுத்தலும் இயல்பாகவே அடங்கியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவையைப் பிளேக் பலமுறை தாக்கியதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நகரில் இன்றும் இருக்கின்றன.

ஆனால் பழையது எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததனாலும், வெட்டிய இடத்தில் சாம்பல் போன்றவற்றைத் தடவியதனாலும் பிறந்த சில நாளிலேயே பிள்ளைகள் வில்வாதம் என்னும் டெட்டனசால் இறந்தார்கள். அரசு பின்னாளில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தந்தபோது தூய கை, தூய தரை, தூய பிளேடு, தூய நூல், எதுவும் தடவாத கொடி என்ற ஐந்தையும் வலியுறுத்தியது இதனால்தான். அதே வேளையில் இந்தக் குறையை மருத்துவச்சிகளின் தலையில் மட்டும் கட்டிவிடவும் கூடாது. வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் 1840களில், பேறுகால உதவிப் பெண்கள் பயிற்சி பெற்ற பிரிவைவிட மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவிலேயே தாய்மார் அதிகம் இறந்தார்கள். பிணவறையிலிருந்து வந்த மாணவர்கள் கை கழுவாமல் பேறு பார்த்ததே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வெய்ஸ் கண்டறிந்து, 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தபின், ஏப்ரலில் நூற்றுக்கு 18க்கு மேலிருந்த இறப்பு சூனில் 2 அளவுக்கு இறங்கியது.

இந்தியாவில் முறையான செவிலியக் கல்வி எங்கே, எப்போது தொடங்கியது?

சென்னை இதில் முன்னோடி. 1664இல் புனித சார்ச் கோட்டையில் படையினருக்கான மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1854இல் பேறுகால உதவிப் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி நான்கு மாணவியருடன் தொடங்கியது. 1885இல் ஏற்பட்ட டஃபரின் நிதியம் பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க வழிசெய்ய முயன்றது. 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர்களின் சங்கம் உருவாயிற்று.

வேலூரை இங்குத் தனியே சொல்ல வேண்டும். பேறுகாலத்தில் ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்த குடும்பங்களில் பெண்கள் இறந்ததைக் கண்டு மருத்துவம் படித்து வந்த ஐடா ஸ்கடர், 1909இல் அங்கே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அது 1946இல் கல்லூரியாகிப் பட்டப்படிப்பைத் தந்தது. தில்லியிலும் அதே ஆண்டில் பட்டப்படிப்பு தொடங்கியது. இடையில் 1926ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் செவிலியருக்கும் பேறுகால உதவியாளருக்கும் பதிவை ஏற்படுத்தியது. அப்போது கோவை மாவட்டமும் அதனுள் அடங்கியிருந்த ஈரோடும் அம்மாகாணத்தின் பகுதிகள் என்பதால் கொங்குக்கும் அச்சட்டமே பொருந்தியது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே தரத்தை வகுத்தது. அதற்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலிய, பேறுகால உதவி ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தொடக்கத்தில் இப்பணிக்குக் கிறித்தவப் பெண்களே அதிகம் வந்தது ஏன்?

பிறர் உடலையும் கழிவையும் தொடுவதைத் தீட்டாகவும், பெண்கள் அயல் ஆடவரைத் தொட்டுப் பணிசெய்வதை இழுக்காகவும் கருதிய சமூகத்தில் மற்றக் குடும்பங்கள் மகளை அனுப்பத் தயங்கின. மிஷன் பள்ளிகளில் படித்த பெண்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்கும் அந்தத் தடை குறைவு. ஆங்கில அறிவும் விடுதி வாழ்க்கைப் பழக்கமும் அவர்களுக்கு இருந்தன. கைம்பெண்கள் சிலருக்கும் இது வாழ்வளித்தது. கொங்கு நாட்டில் இந்தத் தயக்கம் மிக அண்மைக் காலம் வரை நீடித்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வரன் பார்க்கும்போது "நர்ஸ் வேலையா? நைட் டியூட்டி இருக்குமே" என்று இழுத்த குடும்பங்களே, இன்று ஐசியு வாசலில் அமர்ந்து "சிஸ்டர், அப்பாவுக்கு இப்போது எப்படிங்க இருக்கு?" என்று கேட்கின்றன.

கொங்கு வட்டாரத்தில் செவிலியக் கல்வி எப்படி வேரூன்றியது?

முதலில் மிஷன் மருத்துவமனைகள். கோவை, சேலம் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே பணியைத் தொடங்கிய லண்டன் மிஷன் பின்னர் ஈரோட்டில் மருத்துவமனையும் அமைத்தது. அது இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவமனையாக இயங்குகிறது. அடுத்து, ஆலைத் தொழிலில் பொருளீட்டிய குடும்பங்களின் அறக்கட்டளைகள் வந்தன. கோவையில் 1952இல் தொடங்கிய குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை அவ்வழியில் வந்தது. 1966இல் கோவை மருத்துவக் கல்லூரியும், பிற்காலத்தில் கரூர், திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளும் வந்தபின் அரசு மருத்துவமனைகளில் படுக்கைகளும் செவிலியர் தேவையும் பெருகின. 1990களுக்குப் பின் தனியார் செவிலியக் கல்லூரிகள் அலை அலையாகத் திறக்கப்பட்டன. பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மாணவர்கள் கோவைக்கு வருவதற்குக் காரணம், ஒரே நகரத்தில் பல பெரிய மருத்துவமனைகள் இருப்பதுதான். நோயாளிகள் இல்லாத இடத்தில் செவிலியம் கற்க முடியாது.

கிராம சுகாதாரச் செவிலியர் என்ற பதவி எப்படி வந்தது?

சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்து 1946இல் அறிக்கை அளித்த சுகாதார ஆய்வுக் குழு, இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருப்பதைக் கணக்கிட்டு, 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்றது. அந்த இடைவெளியை நிரப்பக் குறுகிய காலப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்கள், அதாவது ஏ.என்.எம்.கள், உருவாக்கப்பட்டார்கள். 1973இல் கர்த்தார் சிங் குழு, அவர்களைப் பேறுகாலத்தோடு நிறுத்தாமல் தடுப்பூசி, குடும்பநலம், தொற்றுநோய்க் கண்காணிப்பு எல்லாவற்றையும் பார்க்கும் பல்நோக்குப் பணியாளர்களாக மாற்றப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் வி.எச்.என். என்று ஊரே அழைக்கும் பணியாளர் இவ்வழியில் வந்தவர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. பர்கூர், கடம்பூர் மலைகளிலும் ஆனைமலைப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 3,000 பேர் என்பது பல மலையூர்களின் கூட்டுத்தொகை. அவற்றுக்கிடையே பேருந்தும் காட்டுவழியுமாகச் செல்லும் வேலை நகரத்து மருத்துவமனை வேலையைவிட எளிதன்று. அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆண்கள் இத்துறையில் புதியவர்களா?

இல்லை. ஐரோப்பாவில் பிளேக் காலத்து நோயாளிகளைப் பேணிய அலெக்சியச் சகோதரர்கள் முழுவதும் ஆண்கள். நைட்டிங்கேல் முறை பரவியபோது பயிற்சிப் பள்ளிகள் பெண்களுக்கென அமைந்ததால் ஆண்கள் ஒதுங்க நேர்ந்தது. இன்று கோவை மருத்துவமனைகளில் "பிரதர்" என்று அழைக்கப்படுபவர்கள் அவசரப் பிரிவிலும் டயாலிசிஸ் பிரிவிலும் இயல்பாகப் பணியாற்றுகிறார்கள்.

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

ஏ.என்.எம். இரண்டாண்டுப் பயிற்சி, ஊர்ப்புறச் சுகாதாரப் பணியை நோக்கியது. ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் பேறுகால உதவியும்) மூன்றாண்டுப் பட்டயம், மருத்துவமனை வார்டுப் பணிக்குரியது. பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்கள் இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் படிப்பின் வழியாகப் பட்டம் பெறலாம், அதன்பின் எம்.எஸ்சி., முனைவர் பட்டம் வரை செல்ல வழியுண்டு. வரலாற்று நோக்கில் பார்த்தால் ஏ.என்.எம். ஆள் பற்றாக்குறையிலிருந்தும், ஜி.என்.எம். மருத்துவமனைப் பள்ளி மரபிலிருந்தும், பி.எஸ்சி. பல்கலைக்கழக மரபிலிருந்தும் வந்தவை. மூன்றும் ஒரே வார்டில் சந்திக்கும்போது எழும் ஊதியப் பூசல்களுக்கு இந்த வேறுபட்ட பிறப்பும் ஒரு காரணம்.

கல்லூரியில் சேருமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மாநிலச் செவிலியர் கவுன்சிலின் ஏற்பும், பட்டப்படிப்பாயின் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். பழைய ஆண்டின் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். அடுத்து, மருத்துவமனைப் பயிற்சி எங்கே நடக்கிறது, அங்கே எத்தனை படுக்கைகள் உண்மையில் நிரம்புகின்றன, பேறுகாலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றனவா, மாணவர்களை ஆள் பற்றாக்குறைக்கு இலவச வேலையாட்களாக இரவுப்பணியில் நிறுத்துகிறார்களா என்று இறுதியாண்டு மாணவர்களிடமே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிடம் ஒப்படைக்கும்போது கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் மாநில கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் செவிலியராகப் பணிபுரிய இயலாது.